குருதியிற் கிருமி காணும் காலம்

நோயாளியின் நிலை, நோயின் நிலை, காலத்தின் இயல்பு என்னும் மூன்றையும் சீர்தூக்கிய பின்னரே மருத்துவன் தன் தொழிலை ஆற்றல் வேண்டும் என்பது திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரத்திற் காணப்படும் கருத்தாகும். இம்மூன்றும் ஒருங்கே வந்து மருத்துவனை நெருக்கும் இடங்களுள், கைக்குழந்தையின் குருதியிற் கிருமி புகுந்துள்ளதோ என ஐயுறும் இடம் தலையாயது. நோயாளி மிகச் சிறியவன்; நோவு இன்னதென வாய் திறந்து சொல்ல அறியான். நோயோ கண்ணுக்குப் புலனாகாதது. காலம் நாட்கணக்கில் அன்றி மணிக்கணக்கில் எண்ணப்படுவது.

பிறந்து மூன்று கிழமையான குழந்தையொன்று காய்ச்சலுற்றுப் பால் குடிக்க மறுக்கின்றது எனக் கொள்க. அக்காய்ச்சல் இரண்டொரு நாளில் தானே தணிவதாக இருக்கலாம். பற்றீரியாக்கள் குருதியிற் கலந்து பெருகுவதன் முதற்குறியாகவும் இருக்கலாம். புறத்தோற்றத்தை மட்டும் கொண்டு இவ்விரண்டையும் பிரித்தறிதல் கைதேர்ந்த மருத்துவர்க்கும் அரிது. ஆதலின் குழந்தையின் நாளத்திலிருந்து சிறிது குருதி எடுத்து, கிருமிகள் வளர்தற்கேற்ற உணவுநீர் நிறைந்த போத்தலில் இடுவர். மருந்தையும் தாமதியாது தொடங்குவர். பின்னர்ப் போத்தலின் விடைக்குக் காத்திருப்பர். அவ்விடை வருதற்கு எத்துணை நேரம் செல்லும்? ஒரு காலத்தில் ஒரு கிழமை வரை காத்திருந்தனர். பின்னர் இரண்டு மூன்று நாட்கள். இன்று ஒரு பகலும் ஓர் இரவும், மிஞ்சின் மேலும் அரை நாள். இந்நேரம் எவ்வாறு குறைந்தது, இதற்குமேற் குறையாது எதனால் நிற்கின்றது என்பனவே ஈண்டு ஆராயப்படும்.

கண்டதும் வளர்த்ததும்

குருதியிற் பற்றீரியா உண்டென்பது முதன்முதல் மனிதரிடத்தன்றி விலங்குகளிடத்தே அறியப்பட்டது. 1850 ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு மருத்துவர்களான தவேன், றேயே ஆகிய இருவரும் அடைப்பான் நோயால் இறந்த ஆடுகளின் குருதியில் நுண்ணிய கோல் வடிவப் பொருள்களைக் கண்டனர். அக்கோல்களே நோயின் காரணம் என்பதை 1876 இல் ஜேர்மன் நாட்டு மருத்துவரான றொபேட் கொக் ஐயந்திரிபற நிறுவினார். 1879 இல் பாரிசு மருத்துவக் கழகத்தில், பிள்ளைப்பேற்றின் பின் தாய்மாரைக் கொல்லும் காய்ச்சல்பற்றி விவாதம் நிகழ்ந்தபோது, லூயி பாஸ்ரர் எழுந்து, தாம் கண்ட கிருமியின் உருவைக் கரும்பலகையிற் கோத்த மணிகள்போல் வரைந்து காட்டினார்.

ஆயினும் அடைப்பான் கண்ட ஆட்டின் குருதி வேறு. காய்ச்சலுற்ற மனிதனின் குருதி வேறு. முன்னதிற் கிருமிகள் மொய்த்துக் கிடக்கும். பின்னதில் ஒரு மில்லிலீற்றருக்கு ஒன்றோ இரண்டோ, பத்தோ இருபதோ மாத்திரமே காணப்படுதல் பெரும்பான்மை. அதே ஒரு மில்லிலீற்றரில் ஏறக்குறைய 500 கோடி செங்குருதிக் கலங்கள் உள்ளன. 500 கோடி கலங்களின் நடுவே ஒரு கிருமியை நுணுக்குக்காட்டி கொண்டு தேடுதல், மணற்பரப்பில் ஒரு குறித்த மணலைத் தேடுவதினும் அரிது. ஆதலாற் கண்டுபிடிப்பதற்கு முன் அதனை வளர்த்துப் பலவாக்குதல் வேண்டியதாயிற்று. குருதி வளர்ப்புச் சோதனை என்னும் முறை இத்தேவையிலிருந்து பிறந்தது. நூற்றாண்டுக்கு மேலாகியும் அதன் அடிப்படை மாறவில்லை.

குழந்தை மருத்துவர் கண்ட கிருமி

இவ்வரலாற்றிற் குழந்தைகளுக்கு உரிய இடம் தொடக்கத்திலேயே அமைந்துவிட்டது. 1885 இல் மியூனிக் நகரிற் பணியாற்றிய தியோடர் எசெரிக் என்னும் இளம் குழந்தை மருத்துவர், கைக்குழந்தைகளின் மலத்தை ஆராய்ந்து, அதில் எஞ்ஞான்றும் வாழும் ஒரு கோலுருப் பற்றீரியாவை விவரித்தார். குடலிற் குடியிருக்கும்போது பெரும்பாலும் தீங்கற்ற இக்கிருமி, குருதியிற் புகின் உயிருக்கு இறுதி பயக்கும். பிறந்து சில கிழமைகளே ஆன குழந்தைகளின் குருதியைத் தாக்கும் கிருமிகளுள் இன்று முன்னிற்பதும் இதுவே.

இக்கிருமிக்கு எசெரிக்கின் பெயர் சூட்டப்பட்ட செய்தியில் இலங்கைக்கும் ஒரு பங்குண்டு. கொழும்பில் அரசினர் மருத்துவ ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்த இத்தாலியரான அல்டோ காஸ்ரெல்லானியும், இலங்கை மருத்துவக் கல்லூரியிற் பதிவாளராயும் விரிவுரையாளராயும் இருந்த அல்பேட் சால்மேர்ஸ் என்பவரும் இணைந்து, வெப்பநாட்டு மருத்துவம்பற்றிப் பெருநூலொன்றை இயற்றினர். அதன் முதற்பதிப்பு இருவரும் கொழும்பில் இருந்த காலத்தில், 1910 இல், வெளிவந்தது. 1919 இல் வந்த மூன்றாம் பதிப்பிலேயே எசெரிக்கியா என்னும் பேரினப் பெயர் வகுக்கப்பட்டது. இன்று உலகின் எந்த வைத்தியசாலை ஆய்வுகூடத்திலிருந்து எசெரிக்கியா கோலி என்னும் சொல் அறிக்கையில் எழுதப்படினும், அதன் முதற்பாதி கொழும்பிற் கருக்கொண்ட நூலொன்றின் வழிவந்ததாகும்.

எசெரிக்கிடம் கிராட்சு நகரிற் பயின்றவர்களுள் எமானுவேல் லிப்மன் என்பவர் நியூயோர்க்குக்கு மீண்டு, மவுன்ற் சீனாய் வைத்தியசாலையிற் குருதி வளர்ப்பைப் பேரளவிற் கையாண்டார்; 1906 இல் தம் அனுபவங்களைத் தொகுத்து வெளியிட்டார். அதற்கு முன்னரே நெருப்புக் காய்ச்சல் இச்சோதனையின் பயனை உணர்த்தியிருந்தது. அந்நோயின் கிருமியை 1880 இல் ஏபேட் கண்டார். 1884 இல் காவ்கி வளர்த்தார். 1896 இல் பிரான்சின் விடால் என்பார், நோயாளியின் குருதிநீர் அக்கிருமிகளைத் திரளச் செய்வதைக் கொண்டு நோயை அறியும் எளிய சோதனையொன்றை வகுத்தார். ஆயின் உடல் எதிர்ப்பொருளை ஆக்கிய பின்னரே விடால் சோதனை விடை தரும். அதற்கு ஒரு கிழமை அளவிற் செல்லும். குருதி வளர்ப்போ நோயின் முதற் கிழமையிலேயே கிருமியைக் காட்டவல்லது. விரைவு என்னும் அளவுகோலாற் சோதனைகளை ஒப்பிடும் வழக்கம் இங்ஙனம் தொடங்கிற்று.

பெயர் தெரிந்தும் மருந்தில்லாக் காலம்

எனினும் விரைவினாற் பயன் விளைதற்கு வேறொன்றும் வேண்டும். 1924 ஆம் ஆண்டு யூன் மாத இறுதியில், ஐக்கிய அமெரிக்க சனாதிபதி கூலிட்ஜ் அவர்களின் 16 வயது மகன், காலுறையின்றி ரெனிசு விளையாடியபோது கால்விரலிற் கொப்புளமுண்டாயிற்று. அச்சிறு புண்வழியே கிருமி குருதியிற் புகுந்தது. நாட்டின் தேர்ந்த மருத்துவர்கள் சூழ நின்றனர்; குருதிச் சோதனை ஸ்ரபிலோக்கொக்கசு என்னும் கிருமியை இனங்காட்டியது. ஆயின் அதனைக் கொல்லும் மருந்து உலகில் எங்கும் இருக்கவில்லை. யூலை 7 ஆந் திகதி அவ்விளைஞன் இறந்தான். அக்காலத்திற் சோதனையின் விடை, வரவிருக்கும் முடிவை முன்னறிவிப்பதாக மாத்திரம் அமைந்தது. அது ஒரு நாளில் வந்தாலும் ஒரு கிழமையில் வந்தாலும் நோயாளிக்கு வேறுபாடு சிறிதே.

பதினோராண்டுகளின் பின், 1935 இல், ஜேர்மன் நாட்டு ஆராய்ச்சியாளரான ஜெராட் டொமாக்கின் சிறுமகள் கையில் ஊசி தைத்து, அப்புண் பழுத்து, கிருமி உடலெங்கும் பரவும் நிலையடைந்தாள். கையை வெட்டுதல் வேண்டுமென மருத்துவர் கருதினர். டொமாக் தாம் ஆய்ந்துவந்த புரொன்ரோசில் என்னும் செந்நிற மருந்தை மகளுக்குக் கொடுத்தார், அவள் பிழைத்தாள். சல்பா மருந்துகளின் காலம் பிறந்தது; அதனைத் தொடர்ந்து பென்சிலின் வந்தது. அந்நாள்முதல் குருதிச் சோதனையின் ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் விலை உண்டாயிற்று.

இரட்டிக்கும் கணக்கு

சோதனை ஏன் மணிக்கணக்கில் நேரம் கொள்கின்றது என்பதை விளங்குதற்குச் சதுரங்கப் பலகையில் நெல்மணி இரட்டித்த பழங்கதையை நினைவுகூர்தல் போதும். எசெரிக்கியா கோலி நல்ல உணவும் உடற்சூடும் கிடைப்பின் ஏறக்குறைய 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகப் பிரியும். பத்து முறை இரட்டிப்பின் ஒன்று 1,024 ஆகும். இருபது முறையிற் பத்து இலட்சத்தைக் கடக்கும். முப்பது முறையில் 107 கோடியைத் தாண்டும். போத்தலின் உணவுநீர் கண்ணுக்குக் கலங்கித் தோன்றுவதற்கோ, பொறியின் உணர்கருவி அசைவதற்கோ, ஒரு மில்லிலீற்றருக்கு ஒரு கோடி முதற் பத்துக் கோடி வரையான கிருமிகள் வேண்டும். 30 மில்லிலீற்றர் போத்தலில் ஒரே கிருமி விழுந்ததெனின், அந்நிலை எய்த ஏறத்தாழ முப்பது இரட்டிப்புகள், அதாவது பத்து மணித்தியாலம், செல்லும். புதிய சூழலிற் பழகுவதற்குக் கிருமி எடுக்கும் நேரம் இதற்கு மேற்பட்டது. மெதுவாகப் பிரியும் கிருமிகளுக்குக் காலம் இன்னும் நீளும்.

இக்கணக்கை எந்தப் பொறியாலும் மாற்றல் இயலாது. ஆராய்ச்சியாளர் செய்யக்கூடியவை இரண்டே: கிருமியின் வளர்ச்சிக்குள்ள தடைகளை நீக்குதல், வளர்ந்ததை உடனுக்குடன் காணல். குருதி போத்தலில் விழுந்த பின்னும் தன் காவற்றொழிலை விடுவதில்லை. அதன் வெண்கலங்களும் குருதிநீரும் கிருமிகளைக் கொன்றுகொண்டே இருக்கும். உறைந்த கட்டியினுள்ளும் கிருமிகள் சிக்கும். ஆதலின் குருதியைப் பன்மடங்கு உணவுநீரிற் கலந்து ஐதாக்கினர். 1938 அளவில் லிக்கொயிட் எனப்பட்ட சேர்வை இதற்குப் பயன்படுவது காட்டப்பட்டது. அது குருதி உறைவதையும் அதன் கிருமி கொல்லும் ஆற்றலையும் ஒருங்கே தடுத்தது. 1947 இல் மெக்சிக்கோ நாட்டவரான றூயிசு காஸ்ரனேடா, உணவுநீரையும் திண்ம ஊடகத்தையும் ஒரே போத்தலில் அமைத்து, அதனைத் திறவாமலே சாய்த்துக் கிருமிக் கூட்டங்களைக் காணும் வழி செய்தார்.

பொறியின் வருகை

அக்காலத்தில் ஆய்வுகூட ஊழியர் நாளுக்கு ஓரிரு முறை போத்தல்களை ஒளியிற் பிடித்துப் பார்ப்பர். முன்னிரவிற் கலங்கிய போத்தல் மறுநாட் காலையிலேயே கண்ணிற் படும். மணித்தியாலங்கள் வீணாயின, அவற்றை வீணாக்கியது கிருமியன்று, மனிதர் பார்வையின் இடைவெளியே.

இவ்விடைவெளியை அடைக்கும் வழி எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. பால்ற்றிமோர் நகரின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் நிறுவனத்திற் கதிர்த்தொழிற்பாட்டு மருத்துவத்தில் ஈடுபட்டிருந்த டிலான்ட், வாக்னர் ஆகியோர், கதிர்வீசும் காபன் 14 சேர்ந்த குளுக்கோசை உணவுநீரிற் கலந்தனர். கிருமி குளுக்கோசை உண்டு காபனீரொட்சைட்டை வெளிவிடும். அவ்வாயுவிற் கதிர்வீச்சுத் தோன்றின் போத்தலில் உயிர் உண்டென்பது தெளிவு. 1971 இல் இக்குழுவினர் 2,967 குருதி வளர்ப்புகளைத் தானியங்குமுறையிற் சோதித்த முடிவுகளை வெளியிட்டனர். பின்னர் கதிர்வீசும் பொருளைக் கையாளும் இடர் ஒழியுமாறு வேறு முறைகள் பிறந்தன. 1990 இல் விவரிக்கப்பட்ட ஒரு முறையிற் போத்தலின் அடியில் நிறம் மாறும் தகடொன்று பதிக்கப்பட்டது. காபனீரொட்சைட்டு மிகுந்தவிடத்துத் தகடு பச்சையிலிருந்து மஞ்சளாக மாறும். பொறி அதனைப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை நோக்கும். ஒரு நாளைக்கு 144 முறை, இரவென்றும் விடுமுறையென்றும் பாராது நோக்கும் கண் ஆய்வுகூடத்துக்கு வாய்த்தது. கிருமி முன்னைய வேகத்திலேயே வளர்ந்தது. காண்போர் சோர்வே நீங்கிற்று.

சிறியவனின் குருதி

வளர்ந்தவரிடமிருந்து ஒரு முறைக்கு 20 மில்லிலீற்றர் குருதி எடுப்பதில் இடரில்லை. மூன்று கிலோ நிறையுள்ள சிசுவின் உடலிலுள்ள குருதி முழுவதுமே ஏறக்குறைய 250 மில்லிலீற்றர். அதிலிருந்து 20 எடுப்பின் பன்னிரண்டில் ஒரு பங்கு போய்விடும். ஆதலாற் குழந்தைகளிடம் ஒரு மில்லிலீற்றரும் அதற்குக் குறைவாகவும் எடுக்கும் வழக்கம் நிலவியது. குழந்தைகளின் குருதியிற் கிருமிகள் எப்பொழுதும் மலிந்திருக்கும் என்னும் கொள்கை அவ்வழக்கத்துக்குத் துணைநின்றது. 1997 இலும் 2000 இலும் பென்சில்வேனியா மாநிலத்தின் யோர்க் நகரிலிருந்து கெலொக் குழுவினர் வெளியிட்ட ஆய்வுகள் அக்கொள்கையை அசைத்தன. குருதியிற் கிருமி காணப்பட்ட குழந்தைகளுட் பாதிக்கு மேற்பட்டோரில் அது ஒரு மில்லிலீற்றருக்குப் பத்து அல்லது அதற்குக் குறைவாகவே இருந்தது.

இதன் விளைவைக் கணக்காற் காணலாம். ஒரு மில்லிலீற்றருக்கு ஒன்று வீதம் கிருமி உள்ள குருதியில் அரை மில்லிலீற்றர் எடுத்தால், நூறு முறையில் 61 முறை ஒரு கிருமியும் அகப்படாது. ஒரு மில்லிலீற்றர் எடுப்பின் 37 முறையும், இரண்டு எடுப்பின் 14 முறையும், நான்கு எடுப்பின் இரண்டு முறையும் கிருமி தப்பிவிடும். குருதியின் அளவை இருமடங்காக்குதல் நேரத்தை ஓர் இரட்டிப்பின் அளவிற்கு, அதாவது இருபது நிமிடமளவுக்கே குறைக்கும். ஆயின் விடை மெய்யாகும் வாய்ப்பை அது பெரிதும் கூட்டும். போத்தலிற் கிருமியே விழாதபோது பொறி எத்துணை விரைவுடையதாயினும் பயனில்லை. விரைவைப் பொறி தரும். மெய்ம்மையைத் தருவது குருதி எடுக்கும் கையே.

இல்லை என்னும் விடை

சோதனையின் விரைவுபற்றிப் பேசுவோர் பெரும்பாலும் கிருமி உண்டு என்னும் விடையையே கருதுவர். குழந்தைகளைப் பொறுத்தவரை, இல்லை என்னும் விடையே பெரும்பான்மை. அதனை அறிதலே கடினமும் ஆகும். உண்டு என்னும் விடை குறித்ததொரு நொடியில் ஒலியெழுப்பி வரும். இல்லை என்பதற்கு ஒலியில்லை. போத்தல் மௌனமாக இருக்கும். அம்மௌனத்தை எப்போது நம்புவது என்பதை மனிதர் முடிவு செய்தல் வேண்டும். முடிவு வரும் வரை குழந்தை கையில் ஊசியுடன் கட்டிலிற் கிடக்கும். தாய் வீட்டிலுள்ள மற்றைப் பிள்ளைகளை விட்டு அருகே காத்திருப்பாள். தேவையற்ற மருந்தும் உடலிற் சென்றுகொண்டிருக்கும்.

நெடுங்காலம் 48 மணித்தியாலம், சிலவிடங்களில் 72 மணித்தியாலம் காத்திருத்தல் மரபாயிருந்தது. 2014 இல் பியோண்டி குழுவினர், ஐக்கிய அமெரிக்காவில் 17 வைத்தியசாலைத் தொகுதிகளிலிருந்து, 90 நாளுக்கு மேற்படாத காய்ச்சற் குழந்தைகளின் குருதியில் நோய்க்கிருமி வளர்ந்த 392 வளர்ப்புகளை ஆராய்ந்தனர். விடை வரச் சென்ற சராசரி நேரம் ஏறக்குறைய 15 மணித்தியாலம். 24 மணித்தியாலத்தில் நூற்றுக்கு 91 உம், 36 இல் 96 உம், 48 இல் 99 உம் கிருமியைக் காட்டிவிட்டன. தோலிலிருந்து தற்செயலாகக் கலந்த கிருமிகள் பொதுவாகப் பிந்தியே வளரும் என்பதும் பிற ஆய்வுகளாற் புலனாயிற்று. இத்தகைய சான்றுகளின்பேரில், அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2021 இல் வெளியிட்ட நெறிமுறை, 8 முதல் 60 நாள் வரை வயதுடைய, தோற்றத்தில் நலமாயுள்ள காய்ச்சற் குழந்தைகளுக்கு, 24 முதல் 36 மணித்தியாலம் வரை வளர்ப்புகளிற் கிருமி தோன்றாவிடின் மருந்தை நிறுத்தலாம் என இடமளித்தது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. கடுமையாக நோயுற்ற குழந்தைக்கு மருந்து தொடங்குவது போத்தலின் விடையை எதிர்பார்ப்பதன்று. குருதியழுத்தம் தளர்ந்து அதிர்ச்சி நிலையுற்ற குழந்தைக்கு நோயை இனங்கண்ட ஒரு மணித்தியாலத்துள் மருந்து கொடுத்தல் வேண்டும் என்பது 2020 இல் வெளியான பன்னாட்டு நெறிமுறையாகும். விரைவான சோதனை உதவுவது, தொடங்கிய மருந்தை மாற்றவும் நிறுத்தவுமே.

வேறு வழிகள்

கிருமியை வளர்க்காது அறியும் முயற்சிகளும் பல. 1930 இல் நியூயோர்க்கில் றொக்கபெல்லர் நிறுவனத்தைச் சேர்ந்த ரிலெற், பிரான்சிசு ஆகியோர் நிமோனியா நோயாளரின் குருதிநீரிற் கண்ட சீ எதிர்வினைப் புரதம், உடல் அழற்சியுற்றதைக் காட்டும். 1993 இல் பிரான்சு ஆராய்ச்சியாளர் 79 குழந்தைகளை ஆய்ந்து, கடும் பற்றீரியா நோயிற் புரோகல்சிற்றோனின் என்னும் பொருள் குருதியில் மிகுவதை வெளியிட்டனர். இவை சில மணித்தியாலத்திற் குறி காட்டும். ஆயின் அயலிற் புகை எழுவதைச் சொல்லுமேயன்றித் தீ எவ்வீட்டில் என்பதைச் சொல்லா. கிருமியின் மரபணுவை நேரே பெருக்கிக் காணும் முறைகள் பெயரையும் சொல்லவல்லன. போத்தல் ஒலியெழுப்பிய பின் அதிலிருந்து ஏறக்குறைய ஒரு மணித்தியாலத்திற் கிருமியின் பெயர் கூறும் கருவிகள் இன்று வழக்கிலுள்ளன. எனினும் எம்மருந்துக்கு அது மடியும் என்பதை முற்றாக அறிதற்கு உயிருள்ள கிருமி கையில் வேண்டும். ஆதலாற் போத்தல் இன்னும் தன் இடத்தை இழக்கவில்லை.

நோயே வாராது தடுத்ததும் இவ்வரலாற்றின் பகுதியாகும். இன்புளுவென்சா பீ வகைக் கிருமிக்கும் நியூமோக்கொக்கசுக்கும் எதிரான தடுப்பூசிகள் பரவிய நாடுகளிற் குழந்தைகளின் குருதியில் அக்கிருமிகள் அருகின. இலங்கையில் முன்னதற்கான தடுப்பூசி 2008 முதல் தேசியத் திட்டத்திற் சேர்க்கப்பட்டது. சோதனை செய்யவேண்டிய தேவையையே குறைக்கும் ஊசி, எச்சோதனையினும் விரைவானது.

ஒரு கிழமையாக இருந்த காத்திருப்பு ஒன்றரை நாளாகக் குறைந்தது. அதனைக் குறைத்தவர்கள் இயற்கையின் கணக்கை வென்றவர்கள் அல்லர். அதனை நன்கறிந்து, தம் பக்கத்து வீண்காலத்தைக் களைந்தவர்கள். நோயாளியின் அளவுக்கேற்பக் குருதி எடுத்தல், நோயின் அளவுக்கேற்ப ஐயுறுதல், காலத்தின் அளவுக்கேற்பக் காத்திருத்தல் என மூன்றும் பொருந்தியவிடத்தே இச்சோதனை முழுப்பயன் தருகின்றது. 36 ஆம் மணித்தியாலத்தில் மௌனமாக நிற்கும் போத்தலொன்றைக் கண்டு, ஊசியை அகற்றிக் குழந்தையைத் தாயின் கையிற் கொடுத்து வீட்டுக்கு அனுப்பும் மருத்துவரின் துணிவுக்குப் பின்னால், தவேன் முதலாகப் பியோண்டி ஈறாக நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட உழைப்பு நிற்கின்றது.